தொடங்கிய இடம் தெரியாத புற்று: மரபணுச் சோதனை எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சாப்பாடு இறங்காமல் எடை குறைந்துகொண்டே வந்ததால் ஸ்கேன் எடுத்தோம். கல்லீரலில் பல கட்டிகளும் வயிற்றுக்குள் சில நெறிக்கட்டிகளும் இருக்கின்றன. கல்லீரலில் ஊசி வைத்து எடுத்த பயாப்சியில் 'பரவிய அடினோகார்சினோமா' என்று வந்தது. அதில் நான்கு மார்க்கர் பார்த்தார்கள். சி.கே.7 பாசிட்டிவ், சி.கே.20, டி.டி.எஃப்.1, சி.டி.எக்ஸ்.2 மூன்றும் நெகட்டிவ். எண்டோஸ்கோப்பி, கொலோனோஸ்கோப்பி, மேமோகிராம் எதிலும் ஒன்றும் தெரியவில்லை. எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள். பயாப்சி பிளாக்கை (மெழுகில் பதித்து வைத்த திசுவை) அனுப்பினால் மரபணுச் சோதனை மூலம் பிறப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம் என்று ஓர் ஆய்வகத்தின் பிரதிநிதி சொல்கிறார்; லட்சத்துக்கு மேல் ஆகுமாம். நகையை அடகு வைத்தாவது செய்யலாமா? முடிவு வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? எனக்கும் தங்கைக்கும் இந்த நோய் வருமா?
— திருச்சி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நான் திசு நோயியல் துறையில் இருப்பவன். பயாப்சி ஸ்லைடுகளை நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. உங்கள் அம்மாவையோ அவருடைய ஸ்லைடையோ நான் பார்த்ததில்லை. ஆகவே இங்கே எழுதுவதை, அவருக்கு வைத்தியம் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம் பேசுவதற்கான குறிப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள். நேரடியான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறப்பிடத்தை மட்டும் கணித்துச் சொல்லும் சோதனைக்காக இப்போது நகையை அடகு வைக்க வேண்டாம். அதன் முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கவும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குப் பட்டது என்னவென்றால், உள்ளூர் ஆய்வகத்திலேயே அதைவிட மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய வேலை இன்னும் பாக்கி இருக்கிறது என்பதுதான்.

பிறப்பிடம் தெரியவில்லை என்று மருத்துவர்கள் சொல்வதை அவர்களுடைய கவனக்குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். பரவிய நிலையில் கண்டறியப்பட்டு, முறையான எல்லாச் சோதனைகளுக்குப் பிறகும் தொடங்கிய இடம் பிடிபடாத புற்றுகள், மொத்தப் புற்றுகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை இருக்கின்றன. 1944 முதல் 2000 வரை வெளிவந்த பிரேதப் பரிசோதனை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படி இறந்த 884 பேரில் 73 சதவீதத்தினருக்குத்தான் உடலைத் திறந்து தேடிய பிறகாவது தொடங்கிய இடம் கிடைத்தது. அதில் நுரையீரலும் கணையமும் முன்னால் நின்றன. மீதிப் பேருக்கு அப்போதும் கிடைக்கவில்லை. தாய்க்கட்டி சில மில்லிமீட்டர் அளவிலேயே நின்றுபோயிருக்கலாம். உடலின் எதிர்ப்பாற்றல் அதை அழித்திருக்கலாம். அதிலிருந்து பிரிந்து போன செல்கள் மட்டும் வேறு உறுப்பில் வேரூன்றி வேகமாக வளர்ந்திருக்கலாம். ஸ்கேனில் அகப்படாத ஒன்றை இன்னும் எத்தனை ஸ்கேன் எடுத்தாவது பிடித்துவிடலாம் என்று குடும்பங்கள் அலைவதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஓர் எல்லைக்கு மேல் தேடுவது நோயாளியின் உடல்பலத்தையும் நாட்களையும் தின்றுவிடும்.

அப்படியானால் பிறப்பிடம் எதற்காக வேண்டும்? புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் உறுப்பை வைத்தே வகுக்கப்பட்டிருக்கின்றன. மார்பிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்கும், குடலிலிருந்து அதே கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்கும் மருந்து வேறு, எதிர்பார்க்கக்கூடிய பலனும் வேறு. கல்லீரலுக்கு வந்துவிட்டதால் அது கல்லீரல் புற்றாக மாறிவிடுவதில்லை. தான் பிறந்த திசுவின் குணத்தைப் பெரும்பாலும் விடாமல் வைத்திருக்கும். நாகர்கோவிலில் பிறந்த ஒருவர் சென்னையில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அவர் வாய் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுவதைப் போல, அந்த செல் உண்டாக்கும் புரதங்களிலும் அதன் மரபணுக்கள் இயங்கும் விதத்திலும் பிறந்த இடத்தின் அடையாளம் தங்கியிருக்கும். ஒரு குறிப்பிட்ட புரதம் திசுவில் இருக்கிறதா என்று பார்க்க பயாப்சியில் நாங்கள் செய்யும் மார்க்கர் சோதனைகளும், ஆய்வகப் பிரதிநிதி சொன்ன மரபணுச் சோதனையும் தேடுவது இந்த அடையாளத்தைத்தான். ஆனால், முதிர்ச்சியே இல்லாமல் தாறுமாறாக வளரும் புற்றுகளில் இந்த அடையாளம் மங்கிப்போகிறது. தொடங்கிய இடம் தெரியாத புற்றுகளில் ஒரு கணிசமான பங்கு அந்த வகையைச் சேர்ந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி உங்கள் கையில் உள்ள அறிக்கைக்கு வருகிறேன். அடினோகார்சினோமா என்றால் சுரப்பித் திசுக்களிலிருந்து எழும் புற்று. சி.கே.7 இருந்து சி.கே.20 இல்லாமல் இருப்பது நுரையீரல், மார்பு, சினைப்பை, கருப்பை, கணையம், பித்தநாளம் ஆகிய பல இடங்களுக்குப் பொருந்தும். சி.டி.எக்ஸ்.2 இல்லை என்பதால் பெருங்குடலுக்கான வாய்ப்பு குறைகிறது, டி.டி.எஃப்.1 இல்லை என்பதால் நுரையீரலுக்கான வாய்ப்பு குறைகிறது, ஆனால் முற்றாக நீங்கிவிடவில்லை. இந்த நான்கு மார்க்கர்களோடு நிறுத்திவிட்டு, பிறப்பிடம் தெரியவில்லை என்று முடிவுக்கு வருவது என் பார்வையில் அவசரமானது. 58 வயதுப் பெண் என்றால் மார்புப் புற்றுக்கான கேட்டா.3 மார்க்கரும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மார்க்கரும், சினைப்பை, கருப்பை, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பாக்ஸ்.8 மார்க்கரும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். மேமோகிராம் சுத்தமாக இருந்தும் மார்பிலிருந்து பரவிய புற்றுகளும், சினைப்பை ஸ்கேனில் சாதாரணமாகத் தெரிந்தும் அந்தப் பகுதியிலிருந்து பரவிய புற்றுகளும் உண்டு. கல்லீரல் செல்களிலேயே தோன்றும் புற்றா என்று பார்க்க ஆர்ஜினேஸ்.1 மார்க்கரும், நரம்புநாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளை ஒதுக்க சினாப்டோஃபைசின், குரோமோகிரானின் மார்க்கர்களும் இருக்கின்றன. இவற்றில் எதைச் செய்வது, எதை விடுவது என்பதை ஸ்லைடில் செல்கள் அமைந்திருக்கும் கோலத்தைப் பார்த்து மருத்துவர் தீர்மானிப்பார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்வதும் தவறு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ரத்தத்தில் பார்க்கும் சி.இ.ஏ., சி.ஏ.19-9, சி.ஏ.125 போன்றவை பல உறுப்புகளின் புற்றுகளில் கூடுவதால், அவற்றை வைத்துப் பிறப்பிடத்தைத் தீர்மானிக்க முடியாது.

உங்கள் அம்மாவைப் பொறுத்தவரை இன்னொரு சாத்தியத்தை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கல்லீரலுக்கு உள்ளேயே ஓடும் பித்தநாளங்களில் தோன்றும் புற்று, பார்வைக்கு வேறிடத்திலிருந்து பரவியதைப் போலவே இருக்கும், பெரும்பாலும் சி.கே.7 பாசிட்டிவாகவும், மற்ற மார்க்கர்கள் நெகட்டிவாகவும் வரும். அதற்கென்று பிரத்தியேகமான ஒரு புரத மார்க்கர் வழக்கமான ஆய்வகங்களில் கிடையாது. அதனால் அது அடிக்கடி 'பிறப்பிடம் தெரியாத பரவிய புற்று' என்று பெயர் வாங்கிவிடுகிறது. உண்மையில் அங்கே கல்லீரலே பிறப்பிடம். உங்கள் அம்மாவின் சி.டி. படங்களைக் கதிரியக்க மருத்துவர் ஒருவர், இந்தக் கேள்வியை மனத்தில் வைத்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரே ஒரு பெரிய கட்டியும் அதைச் சுற்றிச் சிறு கட்டிகளும் இருக்கின்றனவா, அல்லது ஏறத்தாழ ஒரே அளவிலான கட்டிகள் கல்லீரல் முழுதும் சிதறிக் கிடக்கின்றனவா? முதல் வகை என்றால் பித்தநாளப் புற்றுக்கான சந்தேகம் பெரிதாகிறது. இந்த மறுபார்வைக்குப் புதிய ஸ்கேன் தேவையில்லை; ஏற்கெனவே எடுத்த படங்கள் உள்ள சி.டி. தட்டு போதும்.

ஆய்வகப் பிரதிநிதி குறிப்பிட்ட சோதனை எப்படி வேலை செய்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொண்டால் முடிவெடுக்க எளிதாக இருக்கும். ஒரு செல்லில் எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு வேகமாக இயங்குகின்றன என்பதை அதன் ஆர்.என்.ஏ.வை (இயங்கும் மரபணுவிலிருந்து உண்டாகும் நகலை) அளந்து அறியலாம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 14 வகைப் புற்றுகளைச் சேர்ந்த 218 கட்டிகளில் இப்படி அளந்து, கணினியைக் கொண்டு வகைப்படுத்தியபோது 78 சதவீதம் சரியாக வந்தது. அந்த வழியில் வந்ததுதான் இன்று அதிகம் பேசப்படும் 92 மரபணுச் சோதனை. இன்னொரு வழி, டி.என்.ஏ.வின் மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் என்ற சிறு வேதிக் குறிகளின் அமைப்பைப் படிப்பது. ஒவ்வொரு திசுவுக்கும் அந்த அமைப்பு தனித்தன்மை உடையது, நோய் முற்றினாலும் ஓரளவு நிலைத்திருக்கும். ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், இந்த முறை பிறப்பிடம் தெரியாத 216 பேரில் 188 பேருக்கு ஏதோ ஓர் இடத்தைக் கணித்துச் சொன்னது. கடந்த சில ஆண்டுகளாக ஸ்லைடின் படத்தையோ மரபணு மாற்றங்களின் பட்டியலையோ கொடுத்தால் பிறப்பிடத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன.

இவை எல்லாம் உண்மையான அறிவியல். அதில் எனக்கு ஐயமில்லை. என் தயக்கம் 'துல்லியமாகச் சொல்லிவிடும்' என்று உங்களிடம் சொன்ன அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. இந்தச் சோதனைகள் நூற்றுக்கு 85, 90 சரியாகச் சொல்கின்றன என்று விளம்பரத் தாள்களில் இருப்பது, பிறப்பிடம் ஏற்கெனவே தெரிந்த புற்றுகளை வைத்துச் சோதித்துப் பார்த்த கணக்கு. உங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்கு விடை சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் கையில் இல்லை. அரிதாகச் சிலருக்கு மாதங்கள் கழித்துத் தாய்க்கட்டி தலைகாட்டும். அப்படிப்பட்டவர்களின் பழைய பயாப்சியை எடுத்துச் சோதித்த ஒரு சிறிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. முடிவு கிடைத்த 20 பேரில் 15 பேருக்குச் சோதனை சரியாகச் சொல்லியிருந்தது. எண்ணிக்கை சிறியது என்றாலும், நான்கில் ஒருவருக்குத் தவறான இடத்தைக் காட்டக்கூடும் என்பதை இதிலிருந்து நினைவில் வைத்துக்கொள்ளலாம். அறிக்கையில் வருவது ஒரு நிகழ்தகவு. கணையம் 60 சதவீதம், பித்தநாளம் 30 சதவீதம் என்று ஓர் அறிக்கை வந்தால் அதைச் சோர்வடைந்த மனம் 'கணையம்' என்று மட்டுமே படித்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய கேள்வி, பிறப்பிடத்தைக் கணித்து அதற்கேற்ப மருந்து கொடுத்தால் நோயாளிக்கு ஆயுள் கூடுகிறதா என்பது. 2013இல் அமெரிக்காவில் 92 மரபணுச் சோதனையை வைத்து நடந்த ஆய்வில், அதன்படி சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் இதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 12.5 மாதமாக இருந்தது. பழைய கணக்குகளைவிட இது மேல். ஆனால் அதில் ஒப்பிடுவதற்கு எதிர்ப்பிரிவு கிடையாது. குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து நடத்திய ஆய்வுகள் 2019இல் வந்தபோது நம்பிக்கை தளர்ந்தது. ஜப்பானில், பிறப்பிடத்தைக் கணித்துச் சிகிச்சை தந்த பிரிவில் ஓராண்டு கழித்து உயிருடன் இருந்தவர்கள் 44 சதவீதம். கார்போபிளாட்டின், பேக்ளிடாக்செல் என்ற வழக்கமான கூட்டு மருந்து பெற்ற பிரிவில் 54.9 சதவீதம், இந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருளற்றது என்றாலும், சோதனைக்குச் சாதகமாக இல்லை என்பது தெளிவு. பிரான்ஸ் தலைமையில் 243 பேரிடம் நடந்த ஆய்விலும் இரு பிரிவின் ஆயுளும் ஏறத்தாழ 10 மாதமாகவே இருந்தது. அங்கே கணிக்கப்பட்ட இடங்களில் அதிகமாக வந்தவை கணையமும் பித்தநாளமும். அவற்றுக்கு அன்று இருந்த மருந்துகள் பொதுவாகக் கொடுக்கும் மருந்துகளிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை என்பதால், இடம் தெரிந்தும் பலன் மாறவில்லை. 2024இல் ஷாங்காயிலிருந்து வந்த ஆய்வு இதற்கு மாறாக இருக்கிறது: 182 பேரில், 90 மரபணுச் சோதனைப்படி சிகிச்சை பெற்றவர்களுக்கு நோய் மறுபடி வளராமல் இருந்த காலம் 9.6 மாதம், மற்றவர்களுக்கு 6.6 மாதம். உறுப்புவாரியாகப் புதிய மருந்துகள் பெருகிவரும் இக்காலத்தில் இத்தகைய சோதனைகளின் பயன் கூடக்கூடும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு குடும்பம் கடன்பட்டுச் செய்தே ஆக வேண்டிய சோதனை என்று சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் திரளவில்லை.

பெயரில் ஒன்றுபோலத் தோன்றும் இன்னொரு மரபணுச் சோதனை இருக்கிறது. உங்களுக்கு வந்த ஆலோசனையில் இரண்டும் கலந்துவிட்டனவோ என்று எனக்குச் சந்தேகம். அது என்.ஜி.எஸ். என்று சொல்லப்படும் விரிவான டி.என்.ஏ. வரிசைச் சோதனை. 'எங்கே பிறந்தது' என்பதை விட்டுவிட்டு, 'இந்தப் புற்றை எந்த மரபணுக் கோளாறு ஓட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மருந்து உண்டா' என்று அது தேடுகிறது. உறுப்பைப் பாராமல் கோளாறை மட்டும் பார்த்துக் கொடுக்கும் மருந்துகளுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 முதல் அனுமதி கொடுத்துவருகிறது. டி.என்.ஏ. பிழைதிருத்தும் பொறி பழுதான புற்றுகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப் அந்த ஆண்டில் வந்தது, என்.டி.ஆர்.கே. மரபணு வேறொன்றுடன் இணைந்துவிட்ட புற்றுகளுக்கு லாரோடிரெக்டினிப் 2018இல் வந்தது. பிராஃப், ரெட் ஆகிய மரபணுக் கோளாறுகளுக்கும், ஹெர்.2 புரதம் மிகுந்த புற்றுகளுக்கும் பின்னர் வந்தன. 2024இல் வெளியான, பல நாடுகளில் நடந்த ஆய்வில், பிறப்பிடம் தெரியாத புற்று உள்ளவர்களுக்கு முதலில் மூன்று சுற்றுக் கீமோதெரபி கொடுத்தார்கள். அதற்குள் மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது. நோய் கட்டுக்குள் இருந்தவர்களைப் பிரித்து ஒரு பிரிவுக்கு மரபணுவுக்கு ஏற்ற மருந்தும் மற்றப் பிரிவுக்கு அதே கீமோதெரபியும் தொடர்ந்தார்கள். நோய் வளராமல் நின்ற காலம் முதல் பிரிவில் 6.1 மாதம், மற்றப் பிரிவில் 4.4 மாதம். வித்தியாசம் சிறியதுதான், ஆனால் உண்மையானது. அதே ஆய்வில் சேர வந்தவர்களின் திசுக்களை மையக் குழு மறுபடி பார்த்தபோது, கணிசமானோருக்குப் பிறப்பிடம் புலப்பட்டு அவர்கள் விலக்கப்பட்டார்கள் என்பது, நல்ல மறுபார்வையின் மதிப்பை எனக்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டுகிறது.

இந்தச் சோதனை சில வேளைகளில் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுத்துவிடும். கல்லீரல் கட்டியில் எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 மரபணு வேறொன்றுடன் இணைந்திருப்பது தெரிந்தால், அது கல்லீரலுக்குள் உள்ள பித்தநாளப் புற்று என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம், ஐ.டி.எச்.1 என்ற மரபணுவில் உள்ள மாற்றமும் அந்தத் திசையையே காட்டும். இரண்டுக்கும் மாத்திரை வடிவில் மருந்துகள் உண்டு. பெமிகாடினிப் 2020இலும் ஐவோசிடினிப் 2021இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. பெண்களில் பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் தெரிந்தால் மார்பையும் சினைப்பையையும் மறுபடி யோசிக்க வேண்டும். ஆகவே உங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு விலையுயர்ந்த சோதனைக்குத்தான் வழி இருக்கிறது என்றால், பிறப்பிடக் கணிப்புச் சோதனையைவிட, டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்க்கும் என்.ஜி.எஸ். சோதனையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதற்கும் முன்னால், டி.என்.ஏ. பிழைதிருத்தும் பொறியைச் சேர்ந்த புரதங்கள் நான்கையும் ஹெர்.2 புரதத்தையும் சாதாரண மார்க்கர் முறையிலேயே பார்த்துவிடலாம்; பெரிய ஆய்வகங்கள் பலவற்றில் இவை அன்றாட வேலை, செலவும் பல மடங்கு குறைவு. அடுத்ததாக ஒன்றை நீங்கள் தயங்காமல் கேட்க வேண்டும்: 'சோதனையில் இன்ன கோளாறு இருக்கிறது என்று வந்தால், அதற்கான மருந்து இங்கே கிடைக்குமா, மாதம் எவ்வளவு ஆகும், எங்களால் வாங்க முடியுமா, காப்பீட்டில் வருமா, நிறுவன உதவித் திட்டம் உண்டா?' மருந்தை வாங்க வழியே இல்லாத நிலையில் சோதனைக்காக மட்டும் சேமிப்பைக் கரைப்பதை நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்ல மாட்டேன்.

மார்க்கர்களை எல்லாம் ஒரே மூச்சில் செய்வது தவறு என்றேன். காரணம் அந்த பிளாக். ஊசியில் வரும் திசு நூலிழை போன்றது. அதை மெழுகில் பதித்து வைத்திருப்பதுதான் பிளாக். ஒவ்வொரு முறை இயந்திரத்தில் பொருத்திச் சீவும்போதும், பரப்பைச் சமன்செய்யவே கொஞ்சம் திசு வீணாகும். இருபது மார்க்கர்களை நான்கு தவணையாகச் செய்தால், மரபணுச் சோதனைக்கு என்று அனுப்பும் நாளில் பிளாக்கில் மெழுகு மட்டுமே மிஞ்சியிருக்கும். அதன்பின் மறுபடி ஊசி, மறுபடி வலி. எனவே ஆய்வகத்திடம் பேசி, தேவையான மார்க்கர்களுக்கும் மரபணுச் சோதனைக்கும் வேண்டிய சீவல்களை ஒரே அமர்வில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மரபணுச் சோதனைக்குப் போகும் திசுவில் புற்றுச் செல்களின் பங்கு பொதுவாக ஐந்தில் ஒன்றாவது இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை அனுப்புவதற்கு முன்பே திசு நோயியல் மருத்துவர் பார்த்துச் சொல்லிவிடலாம். மறுபடி பயாப்சி எடுக்க நேர்ந்தால், திசுவை உடனே ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவத்தில்) போட வேண்டும். நம் ஊரில் டப்பாவை உறவினர் கையிலேயே கொடுத்து வேறு ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் இருப்பதால், உள்ளே இருப்பது ஃபார்மலினா அல்லது வெறும் உப்புநீரா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் பொறுப்பாகிறது. பிளாக்கைக் கொரியரில் அனுப்புவதாக இருந்தால், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். மிஞ்சியதைத் திருப்பி வாங்கி வையுங்கள்.

மறுபார்வைக்கும் அந்த பிளாக்தான் தேவைப்படும். அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற, புற்றுநோய்க்கென்றே இயங்கும் நிறுவனங்களில் ஆண்டு முழுதும் இதையே பார்க்கும் திசு நோயியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்த்துவிட்டு, 'இது இன்ன இடத்திலிருந்து வந்திருக்கக்கூடும்' என்று எழுதித் தருவது, பல வேளைகளில் லட்ச ரூபாய்ச் சோதனை தரும் விடைக்குச் சற்றும் குறைந்ததாக இருக்காது. மறுபார்வை கேட்பதை உங்கள் மருத்துவர் தவறாக எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் வேண்டாம். 'சார், ஸ்லைடை இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு வருகிறோம்' என்று நேராகச் சொன்னால் பெரும்பாலோர் கடிதமும் எழுதித் தருவார்கள்.

பெட் ஸ்கேன் பற்றி நீங்கள் கேட்கவில்லை. யாராவது சொல்வார்கள் என்பதால் ஒரு வார்த்தை. சர்க்கரை போன்ற ஒரு மருந்தைச் செலுத்தி, அதை அதிகம் உறிஞ்சும் இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன் அது. கழுத்து நெறிக்கட்டியில் புற்று வந்து தொடங்கிய இடம் தெரியாதவர்களுக்கு அது மிகவும் உதவும். கல்லீரலில் பல கட்டிகள் உள்ளவர்களுக்கு அவ்வளவு உதவாது. செய்தால், வயிற்றில் ஒளிரும் நெறிக்கட்டி எல்லாமே புற்று என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் நாட்டில் காசநோயும் அதேபோல் ஒளிரும்.

சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் அவசரமானது. கல்லீரலில் பல கட்டிகளோடு வரும் இந்த நோய் வேகமாக நகரக்கூடியது. சிகிச்சை எடுத்தும் பலருக்கு ஆயுள் மாதக் கணக்கில்தான் அமைகிறது என்பதை உங்களிடம் மறைப்பது முறையல்ல. எழுந்து நடமாடி, தன் வேலைகளைத் தானே செய்துகொள்ளும் நிலையில் உள்ளவர்களுக்குத்தான் கீமோதெரபி நன்றாகப் பலன் தருகிறது. அந்த நிலை இன்றைக்கு இருந்து, சில வாரங்களில் இல்லாமல் போகக்கூடும். கூடுதல் மார்க்கர் முடிவுகள் பொதுவாக ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். அதுவரை காத்திருப்பது நியாயம். மரபணுச் சோதனைக்குப் பல வாரங்கள் ஆகும்; அதற்காகக் காத்திருக்காமல், பித்தநாளப் புற்றுக்கும் பிறப்பிடம் தெரியாத புற்றுக்கும் பொருந்தும் ஜெம்சிடபின், சிஸ்பிளாட்டின் போன்ற ஒரு கூட்டு மருந்தைத் தொடங்கிவிட்டு, முடிவு வந்ததும் தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். எந்த மருந்து என்பதை, சிறுநீரகம், கல்லீரல் இவற்றின் செயல்பாட்டைப் பார்த்து அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இவற்றோடு, வலி, குமட்டல், பசியின்மை ஆகியவற்றுக்கான ஆதரவுச் சிகிச்சையை முதல் நாளிலிருந்தே கேட்டுப் பெறுங்கள். கடைசிக் கட்டத்துக்கு என்று அதை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. அம்மாவிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கீமோதெரபியும் மறு பயாப்சியும் அவருடைய உடலில் நடப்பவை. அவர் கேட்டால், அவர் விரும்பும் அளவுக்கு உண்மையைச் சொல்லி, அவருடைய விருப்பத்தையும் கேட்டு முடிவெடுங்கள்.

உங்களுக்கும் தங்கைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறப்பிடம் தெரியாத புற்றுகளில் பெரும்பாலானவை பரம்பரையாக வருபவை அல்ல. ஆனால் கட்டியில் பி.ஆர்.சி.ஏ. மாற்றமோ பிழைதிருத்தப் புரதம் இல்லாமையோ தெரிந்தால், அது கட்டியில் மட்டும் ஏற்பட்டதா, அல்லது பிறவியிலேயே உடல் முழுதும் இருப்பதா என்பதை அம்மாவின் ரத்தத்தில் தனியாகச் சோதித்துப் பார்க்க வேண்டும். பிறவியிலேயே இருந்தால், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வந்திருக்கப் பாதி வாய்ப்பு உண்டு. அப்போது நீங்களும் தங்கையும் மரபணு ஆலோசகரைப் பார்த்து, அந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் சோதித்துக்கொள்ளலாம், அதற்குச் செலவும் குறைவு. நோய் இல்லாத நீங்கள் இருவரும் முதலில் போய் விரிவான சோதனை செய்துகொள்வதைவிட, நோயுள்ள அம்மாவிடமிருந்து தொடங்குவதே சரியான வரிசை. கீமோதெரபிக்காக ரத்தம் எடுக்கும் ஒரு நாளில் அதற்கான மாதிரியையும் எடுத்துவிடலாம். அம்மாவின் ரத்தத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வந்தால், உங்கள் இருவருக்கும் இதற்காகத் தனிச் சோதனை எதுவும் தேவையில்லை. தங்கை 30 வயதைக் கடந்தவர் என்றால், எல்லாப் பெண்களுக்கும் பரிந்துரைக்கப்படும் மார்பு, கருப்பை வாய்ப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளட்டும்.